வெள்ளிக்கிழமை ஆட்டம்

திங்கள்நகர்
புதன், மழை விட்ட சாயங்காலம்

அன்புள்ள மகன் ஸ்டெனிக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் ஜாஸ்மியும், கிணற்றடியில் கிடக்கும் அந்தப் பூனையும் கூட, இங்கே ஒரு குறைவுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வெயிலுக்கும் ஏசிக்கும் மாறி மாறி நடந்து சளி பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று உனக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது. என் போன் பேருக்குத்தான் என்னுடையது. எழுத்தைப் பெரிதாக்கித் தந்தது ஜாஸ்மி, அதைத் திறக்கிற நம்பரும் அவளுக்கு மனப்பாடம். வாயால் சொல்லலாம் என்றால், நான் ரகசியம் பேசினாலே பக்கத்து வீட்டுச் சகாயம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து அபிப்பிராயம் சொல்லுவான். ஜெபதாஸ் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் பையில் இதை வைத்துவிட்டால் உன் கையைத் தவிர வேறு கைக்குப் போகாது. கூட அம்மா செய்த முந்திரிக்கொத்தும் ஒரு டப்பா வருகிறது. சர்க்கரை உள்ள வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை என்று அம்மா உன்னிடம் சொன்னால் நம்பாதே.

போன வாரம் நீ கேட்டாய், ஜாஸ்மி மறுபடியும் கேம் ஆடுவதை விட்டுட்டாளா, வேற புது கேம் வாங்கி அனுப்பட்டுமா என்று. அப்புறம் சொல்கிறேன் என்று நான் மழுப்பினேன், ஏனென்றால் அவள் அப்போது பக்கத்தில்தான் இருந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளமாய்ப் போகும், பொறுமையாய்ப் படி. மே மாதம் நாகர்கோவில் டாக்டர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். பதினாலு வயதுப் பிள்ளைக்கு இரத்தத்தில் சர்க்கரை வரம்புக்கோட்டிலே வந்து நிற்கிறது, மருந்து இப்போது வேண்டாம், ஆனால் தினமும் வியர்த்து மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பு அசைய வேண்டும், இல்லை என்றால் அம்மா போடுகிற ஊசியை மகளும் போட வேண்டியது வரும் என்றார். நடக்கப் போ என்றால் இவள் போக மாட்டாள். போகாததற்கும் நியாயம் இருக்கிறது, நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெண்பிள்ளையை ரோட்டில் பார்த்தால் சொல்ல இரண்டே விஷயம்தான் உண்டு, ஏட்டி மெலிஞ்சு போயிட்டியே, இல்லாவிட்டால் ஏட்டி இப்பிடித் தடிச்சிட்டியே. சர்ச்சுக்குப் போய்த் திரும்புவதற்குள் இவளுக்கு அந்த இரண்டாவது விஷயம் அஞ்சாறு வாயிலிருந்து வந்துவிடும். அதனால்தான் வீட்டுக்குள்ளே நின்று ஓடி ஆடுகிற அந்தப் பெட்டியை நீ கூரியரில் அனுப்பியபோது எனக்கு அப்படி ஒரு ஆறுதல். டிவிக்கு மேலே கேமரா, முன்னால் நின்று நாம் ஓடினால் உள்ளே ஒரு பொம்மை ஓடுகிறது, நாம் குதித்தால் அது குதிக்கிறது. கொள்ளாம், நல்ல காரியம் என்று நினைத்தேன்.

முதலில் என்ன ஆட்டம் ஆடினாள் என்று நீயே வீடியோவில் பார்த்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து யூனிபாரம் கூட மாற்றாமல் குதிப்பாள், கீழே கிடந்த பூனை ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் பதுங்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் ஓய்ந்தது. நீ புதுசாய் டான்ஸ் ஆட்டம் ஒன்று போட்டு விட்டாய், திரும்ப உயிர் வந்தது, அதுவும் ஓய்ந்தது. இதுதான் மக்கா என் மண்டையைக் குடைந்தது. ஒரு பிள்ளை ஒரு விளையாட்டைத் தொடங்குவது ஏன் என்பது லேசு, புதுசு, அவ்வளவுதான். ஆனால் புதுசு பழசான பிறகும் தொடர்ந்து ஆடுகிற பிள்ளை எதற்காக ஆடுகிறது? நீ சின்ன வயதில் சாயங்காலம் பந்து விளையாடப் போனால் அம்மா கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் வீடு திரும்புவாய், யாரும் உனக்குப் புதுப் பந்து வாங்கித் தரவில்லை, பழைய பந்தில் நூல் தெரியும். கடையில் பாத்திரம் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் நான் இதைக் கேட்கத் தொடங்கினேன். இட்லிக் கொப்பரை வாங்க வந்தவளிடம், வீட்டிலே வளர்ந்த பிள்ளைகள் உண்டுமா, அதுகள் ஓடி ஆடுமா, விடாமல் ஆடுமா என்று கேட்டால் அவள் என்ன நினைப்பாள்? ஒருத்தி அதற்கும் பதில் சொன்னாள். அவள் மகனுக்கு நடையைக் கணக்குப் பண்ணுகிற வாட்ச் வாங்கிக் கொடுத்தார்களாம், தினமும் ஏகப்பட்ட நடை காட்டியதாம், அப்பனுக்கும் அம்மைக்கும் ஒரே பெருமை. ஒருநாள் பார்த்தால் வாட்ச் வீட்டு ஆட்டுக்குட்டி கழுத்தில் கிடந்ததாம், ஆடு நல்ல ஆரோக்கியமாய் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். உன் பிரிஜா சித்தி நர்ஸ் இல்லையா, அவள் சொன்னாள், பரிசு வையுங்க அத்தான், மாசம் முழுக்க ஆடினா அவளுக்குப் பிடிச்ச உடுப்பு ஒண்ணு. வைத்தோம். ஒழுங்காய் ஆடினாள், உடுப்பும் வந்தது, மறுநாள் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு சோபாவில் படுத்து போன் பார்த்தாள். பரிசுக்காகத்தானே ஆடினாள், பரிசு கைக்கு வந்த பிறகு எதற்கு ஆட வேண்டும், அவளைக் குறை சொல்ல முடியாது. ரிட்டயர்டு வாத்தியார் ஜெபகனி சார் என்னிடம், பிள்ளைகளுக்குப் பாராட்டுதான் தீனி, ஞானையன், பாராட்டப் பாராட்ட ஆடும் என்றார். ஆனால் அந்த மிஷின் பாராட்டாத பாராட்டா? கையைத் தூக்கினால் சூப்பர், இறக்கினால் வெரிகுட். ஒருநாள் அம்மா எட்டிப் பார்த்தால் நம்ம ராணி கட்டிலில் சம்மணம் போட்டு இருந்து, ஒரு கையில் மிக்சர், மற்ற கையை மட்டும் விசிறி மாதிரி ஆட்டுகிறாள், மிஷின் சூப்பர் சூப்பர் என்று கத்துகிறது. அம்மாவுக்கு வந்ததே கோபம், இந்தச் சவத்த எடுத்து வெளிய போடுங்க, தின்னுட்டு இருக்கவளையும் சூப்பருன்னு சொல்லுகு, இதுக்குக் கண்ணு உண்டுமா என்று என்னிடம் கத்தினாள், நான்தான் என்னவோ அதை உண்டாக்கினவன் மாதிரி.

அந்த வாரம் பெரிய மழை, சந்தையில் ஆளில்லை, கடையைச் சீக்கிரம் அடைத்து வந்துவிட்டேன். ஜாஸ்மி அவள் முறிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள், அம்மா பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். எனக்கு ஒரு ஆசை, இதில் அப்படி என்ன இருக்கிறது என்று நாமே நின்று பார்த்தால் என்ன? பெட்டியைப் போட்டேன், முன்னால் நின்றேன். உன் கால் தெரியவில்லை, பின்னால் போ என்று இங்கிலீஷில் சொன்னது. போனேன். இன்னும் போ என்றது. போய்ப் போய்ப் பீரோவில் முதுகு இடித்து, மேலே இருந்த பழைய சூட்கேஸ் தொம் என்று விழுந்தது, அப்போதும் கால் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. எனக்குக் கெட்ட கோபம், ரெண்டு காலும் உனக்கு முன்னால தானடா இருக்கு என்று நான் டிவியைப் பார்த்துத் திட்டுகிற சத்தத்தில் ஜாஸ்மி கதவைத் திறந்து வந்தாள். என்னைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், அப்படியே தரையில் இருந்துவிட்டாள், சிரிக்கிறாள் சிரிக்கிறாள் மூச்சு விட முடியாமல் சிரிக்கிறாள். அப்பா, நீங்க சாரம் கெட்டியிருக்கிய, அதுக்கு உங்களுக்குக் காலே இல்ல, ஒரு குழாய்தான் நிக்குது என்றாள். அதாவது மக்கா, உலகத்தில் யாரோ படித்த ஆட்கள் கூடி இருந்து யோசித்து இந்த மிஷினைச் செய்தார்களே, அவர்களில் ஒருத்தருக்குக் கூட சாரம் கட்டுகிற ஒரு தகப்பன் இல்லை போலிருக்கிறது. லுங்கியை மடித்துக் கட்டினேன், இரண்டு காலும் கிடைத்துவிட்டது என்று மிஷின் சந்தோஷப்பட்டது. ஓடித் தாண்டுகிற ஆட்டத்தைப் போட்டாள், முதல் வேலியைத் தாண்டும்போதே சாரம் அவிழப் பார்த்தது, ஒரு கையால் மானத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை வீசிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவள் கூட நின்று ஓடினாள், நான் தோற்றேன், அவள் முகம் செக்கச் சிவந்து வியர்வை வழிந்தது. அம்மா வந்து பார்த்தபோது வீடு சந்தை மாதிரி கிடந்தது, ஆனால் அவள் ஜாஸ்மியின் கழுத்து வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து கடை அடைத்து வந்ததும் நான் உன்னுடைய பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. நீயும் அந்தச் சமயத்தில்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் முறியில் இருந்தே நெட் வழியாய் அவளோடு ஓடுகிற ஆட்டம் தொடங்கினாய். நீ வேலைக்குப் போகும்போது அவள் அஞ்சு வயதுப் பிள்ளை, உன் பெட்டிக்குள் ஏறி இருந்து என்னையும் கொண்டு போ என்றவள். பிறகு லீவுக்கு லீவு வந்தாய், இரண்டு மூன்று வாரம், அவளுக்கு நீ சாக்லேட் கொண்டு வருகிற ஒரு அண்ணன். போனில் உன்னோடு என்ன பேசுவாள்? சாப்டியா, சாப்டேன், படிக்கியா, படிக்கேன், அவ்வளவுதான், போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். வெள்ளிக்கிழமை ஆட்டம் வந்த பிறகுதான் வாய் திறந்தாள். அண்ணன் ரெண்டாவது வேலியிலேயே மூச்சு வாங்குகான், அண்ணனுக்கு இப்பவே தொப்பை வச்சாச்சு என்று வாரம் முழுக்க உன் பேச்சுத்தான், உன்னைத் தோற்கடிக்க வாரம் முழுக்கப் பழகல்தான். எனக்கு அப்போது மனசிலாச்சு என்று நினைத்தேன். பிள்ளை கேமுக்காக வரவில்லை, எதிரே நிற்கிற ஆளுக்காக வருகிறாள், ஆக ஆள் நின்றால் போதும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் பாதிதான் சரி.

நடந்தது என்னவென்றால், தோணி தள்ளுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது, அதில் நான் ஜெயித்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க சர்ச்சு அசனச் சாப்பாட்டுக்கு அண்டா தூக்கிக் கொடுத்த கை, துடுப்பு போடாதா? வரிசையாய் ஜெயித்தேன், குஷியில் கொஞ்சம் கெக்கலி கொட்டிவிட்டேன் என்றே வைத்துக்கொள். அவள் முகம் தொங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இஞ்ச பாருங்க, பிள்ளை தோத்துத் தோத்துச் சடஞ்சு போயிட்டான்னா பழையபடி படுத்துக்கிடும், ஒண்ணு ரெண்டு விட்டுக் குடுத்தா உங்க கிரீடம் எறங்கிப் போகுமா என்று அம்மா சொன்னாள். அதுவும் சரிதான் என்று மறுநாளில் இருந்து நான் விட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். கை தளர்ந்த மாதிரி, கால் இடறின மாதிரி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஐயோ முடியவில்லை என்று. நன்றாய் நடிக்கிறோம் என்று எனக்கே ஒரு மெப்பு. அவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். ஜெயிக்க ஜெயிக்க வரத்துக் குறைந்தது. இன்று தலைவலி, நாளை டெஸ்ட், மறுநாள் காலில் உளுக்கு. உன்னோடு ஆடுகிற வெள்ளிக்கிழமை மட்டும் மிஞ்சியது, அதுவும் போன வெள்ளியும் அதற்கு முந்தின வெள்ளியும் நெட் போச்சு அண்ணா என்று உன்னிடம் சொன்னாளே, நெட் போகவில்லை மக்கா. அவள் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தாள். அடுத்த மாதம் மறுபடியும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், நானும் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தோம். எனக்குப் பயமாய் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

கடந்த சனிக்கிழமை நான் சும்மா கூப்பிட்டேன், வா மக்களே, இன்னிக்கும் நீதான் ஜெயிப்பே என்று. அவ்வளவுதான் சொன்னேன். கையில் இருந்த புஸ்தகத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்று, நான் என்ன உப்புக்குச் சப்பாணியா அப்பா என்று கேட்டாள். அந்த வார்த்தையை இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்லுமா என்று நான் திகைத்துப் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆட்டத்துக்குச் சின்னப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வீர்களே, அது எங்கே ஓடினாலும் அவுட் கிடையாது, தொட்டாலும் செல்லாது, ஓடுகிற பிள்ளைக்கு மட்டும் தெரியாது. ஒப்புக்கு என்பதுதான் நம் வாயில் உப்புக்கு ஆகிப்போனது என்று ஜெபகனி சார் சொல்வார், அது கிடக்கட்டும். இவளுக்கு அந்தப் பேரைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். போன வருஷம் பி.டி. டீச்சர் இரக்கப்பட்டு இவளைத் த்ரோபால் டீமில் சேர்த்தார்களாம். இவள் சந்தோஷமாய் வீட்டில் வந்து சொன்னதும் அம்மா புது ஷூ வாங்கிக் கொடுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. ஆட்டத்தில் பந்து இவள் பக்கம் வந்தால் பக்கத்தில் நிற்கிறவள் பாய்ந்து பிடித்துக்கொள்வாளாம். பயிற்சியிலே இவள் விட்டால் யாரும் திட்ட மாட்டார்களாம், மற்றவள் விட்டால் கிழிகிழி என்று கிழிப்பார்களாம். நம்மிடம் எல்லாரும் எவ்வளவு அன்பாய் இருக்கிறார்கள் என்று முதலில் நினைத்திருக்கிறாள் பாவம். பிறகு தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லுவது காதில் விழுந்திருக்கிறது, அவ கணக்கில்லப்பா, உப்புக்குச் சப்பாணி, டீச்சர் சொன்னதுக்காகப் போட்டது. அன்றைக்கு ஷூவைக் கழற்றியவள்தான். இதை ஒரு வருஷமாய் வயிற்றுக்குள் வைத்திருந்து அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னாள், அம்மா நின்ற இடத்திலேயே நின்று அழுதாள்.

அப்புறம் சொன்னாள், நீங்க நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கியளே, அது நடிப்புன்னு எனக்குத் தெரியாதா, தோணி ஆட்டத்துல ஒரு நாளு ஜெயிச்ச ஆளுக்கு மறுநாளு எப்பிடிக் கை தளரும், அந்த மிஷினுக்குக் கண்ணில்ல, எனக்குக் கண்ணுண்டு. பிறகு உன்னைப் பற்றியும் சொன்னாள் ஸ்டெனி. அண்ணனும் அப்பிடித்தான், எல்லா வேலியும் தாண்டுவான், நான் பின்னால வாறது தெரிஞ்சா கடைசி வேலியில மட்டும் தடுக்கி விழுவான், ஒவ்வொரு வாரமும் அதே கடைசி வேலி. நான் முதல்ல சிரிச்சேன், பின்ன எண்ணிப் பாத்தேன். அதுக்கு மேல அவன் கூட ஓட எனக்கு மனசு வரல்ல. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கோபத்தில் ஒரு மாதிரிச் சிரித்தாள், அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆகவில்லை.

நீ வேணும் என்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். தூரத்தில் இருக்கிற தங்கச்சி, அவள் உடம்பு, டாக்டர் சொன்னது எல்லாம் நினைத்து நீ விழுந்தாய். நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அதைத்தான் செய்தேன். ஆனால் நீ இங்கே அவளோடு கூட வளர்ந்திருந்தால் விட்டுக் கொடுத்திருப்பாயா? கடைசியாய்ச் சட்டியில் கிடக்கிற ஒரு பொரித்த சாளைக்குப் பிரிஜா சித்தியின் மகனோடு நீ கட்டிப் புரண்டது இந்த வீட்டு அடுக்களையில்தானே. விருந்தாளிக்குத்தான் நாம் மீனை எடுத்து வைப்போம். அவளை நீ இவ்வளவு காலமும் விருந்தாளி மாதிரி நடத்தியிருக்கிறாய், அது அவளுக்குத் தெரிந்துபோய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே நான் கால்சட்டையை மாட்டிக்கொண்டு போய், ஏட்டி வா, இன்னிக்கு உன்னைச் சும்மா விடப் போறதில்ல என்றேன். சந்தேகமாய்ப் பார்த்தாள், வந்தாள். தோணியில் நான் அவளை நன்றாய்த் தோற்கடித்தேன், உண்மையாய், எனக்கு மறுநாள் தோள் தூக்க முடியவில்லை. அவள் போய்க் கதவைச் சாத்தினாள். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ராத்திரி முழுக்க நானும், தப்புச் செய்துவிட்டோமோ என்று புரண்டுகொண்டேதான் கிடந்தேன். மறுநாள் ஆராதனை முடிந்து, சோறும் தின்று, நான் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து வந்தால் அவள் எனக்கு முன்னாலே டிவி முன்னால் நிற்கிறாள், மேசையைக் கூட ஓரத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறாள். தோத்தாள், திரும்பவும் என்றாள், தோத்தாள், திரும்பவும் என்றாள். நேற்றைக்கு ஓட்டத்தில் என்னை ஜெயித்தாள் மக்கா, நான் உயிரைக் கொடுத்து ஓடியும் ஜெயித்தாள். அப்போது அவள் போட்ட கூப்பாட்டில் சகாயம் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, என்னண்ணே, பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். அவன் மகள் ஜெனிலாவும் அதைக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறாள், இரண்டு பேருக்கும் முதல் நாளே சண்டை, நீ கோட்டைத் தாண்டி நின்னே, நான் நிக்கல்ல என்று. சண்டை போட்டுப் பேசாமல் போனவள் இன்று காலையிலேயே வந்து சாயங்காலம் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போகிறாள். வீட்டில் சட்டம் கூடப் போட்டிருக்கிறார்கள், சாரம் கட்டுகிறவர்களுக்கு ஆட்டத்தில் இடமில்லையாம்.

இது எவ்வளவு காலம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. இதுதான் ரகசியம், கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு தடவை நினைத்து இரண்டு தடவையும் ஏமாந்தவன் நான், மூன்றாவது தடவையும் அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமாய் இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் என்ன வரும் என்பதும் கர்த்தருக்குத்தான் தெரியும். ஒருவேளை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொன்று இருக்கும், சகாயத்தின் மகளுக்குச் சண்டை, ஆட்டுக்குட்டிக்காரப் பயலுக்கு என்னவோ. நம்முடையவளுக்கு, தான் ஓடுவது கணக்கில் சேர வேண்டும், அவ்வளவுதான் இப்போதைக்கு நான் கண்டது. இனியும் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன், அம்மா சொல்கிறாள், பாத்திரம் விக்கதை விட்டுட்டு இதுதான் உங்களுக்குச் சோலி என்று.

மற்ற விசேஷம் ஒன்றும் பெரிதாய் இல்லை. அறுவடைப் பண்டிகைக்கு நம் கடை அண்டாக்கள் எல்லாம் சர்ச்சுக்குப் போயிருக்கின்றன. மழையில் பின்பக்க மதில் கொஞ்சம் சரிந்தது, ஆள் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு முட்டு வலி பரவாயில்லை. உனக்குப் பெண் பார்க்கிற காரியத்தை அம்மா தனியாய்ப் பேசுவாள், அதற்குள் நான் தலையிட மாட்டேன், ஆனால் ராத்திரி புரோட்டா தின்பதைக் குறை, உன் தங்கச்சி சொன்ன தொப்பையை நானும் வீடியோவில் பார்த்தேன், நம் குடும்பத்து இரத்தம்தான் உனக்கும் ஓடுகிறது. புது கேம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். மேலே சொன்னதை எல்லாம் அப்பா எழுதினார் என்று அவளிடம் மூச்சு விடாதே, என் தலை தப்பாது.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதித்து, குறைவில்லாமல் உன்னைத் திரும்ப இந்த வீட்டு நடையில் கொண்டுவந்து நிறுத்தட்டும் என்று நானும் அம்மாவும் ராத்திரி ஜெபத்தில் உன் பேரைச் சொல்லாமல் படுப்பதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை நீ கூப்பிடு, இந்தத் தடவை நெட் போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் உன் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருவாள். நீ திரும்பிப் பார்க்காதே. கடைசி வேலியைத் தாண்டு. அவள் கோபித்துக்கொண்டு உன்னோடு ஒரு வாரம் பேச மாட்டாள், பேசாமலே இருக்கட்டும், அடுத்த வெள்ளிக்கிழமை உனக்கு முன்னால் வந்து நிற்பாள்.

இப்படிக்கு,
கால் இரண்டும் உள்ள உன் அப்பா,
ஞானையன்